வேகம் எழுதாத கேபிள்

படத்தொகுப்பில் சிறிதேனும் பழகியவர் யாவர்க்கும் தெரிந்த துன்பம் ஒன்றுண்டு. எடுத்த காட்சிகளெல்லாம், எக்ஸ்டர்னல் டிஸ்க் என வழங்கும் வெளிவட்டில் இருக்கும். அவ்வட்டு மடிக்கணினியோடு இணைந்திருக்கும். படத்தை ஓடவிட்டால் இரண்டு விநாடி ஓடி நிற்கும். ஒலி முன்னே செல்லப் படம் பின்னே தள்ளாடும். சிலபோது வட்டே திரையினின்று மறைந்துபோய், ‘மீடியா ஆஃப்லைன்’ என்னும் சிவப்புப் பலகை மாத்திரம் எஞ்சும். அப்பொழுது நாம் முதலில் வைவது கணினியை. பின்பு தொகுப்பு மென்பொருளை. அதன்பின் வட்டை விற்ற கடைக்காரரை. கணினிக்கும் வட்டுக்கும் இடையே கிடக்கும் ஒரு முழக் கேபிளை யாரும் வைவதில்லை. அதன் தோற்றத்தில் குறை கூறுதற்கு ஒன்றும் இல்லாமையே காரணம். அக்கேபிளின்மேல் அதன் வேகம் இன்னதென எழுதப்படாமை பெருங்குறை என்பதும், அதனை எழுதுமாறு சட்டமே கட்டாயப்படுத்தல் வேண்டும் என்பதும் என் கருத்து.

கணக்கைச் சற்றே பார்ப்போம். கேபிளின் வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் கூறுவது வழக்கம். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். தொகுப்பாளர் பலர் கையாளும் ப்ரோரெஸ் 422 எச்.க்யூ. என்னும் வகையில், விநாடிக்கு 30 சட்டம் ஓடும் 4கே படம் ஒன்று, விநாடிக்கு ஏறத்தாழ 884 மெகாபிட் கேட்கும். அஃதாவது 110 மெகாபைட். 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. 2.0 ஏட்டளவில் 480 மெகாபிட் தரும். நடைமுறையிலோ விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தொடுவதே அரிது. ஆகவே வட்டு எத்துணை விரைவானதாயினும், கணினி எத்துணை விலையுயர்ந்ததாயினும், இடையே யூ.எஸ்.பி. 2.0 கேபிள் கிடந்தால் அவ்வகைப் படம் ஒன்றுகூட ஒழுங்காக ஓடாது. 500 ஜிகாபைட் காட்சிகளை நகலெடுக்க அக்கேபிளில் மூன்றரை மணி நேரம் செல்லும். 10 ஜிகாபிட் கேபிளில், வட்டும் ஈடுகொடுக்குமாயின், பத்து நிமிஷத்தில் முடியும். மூன்றரை மணி எங்கே, பத்து நிமிஷம் எங்கே! படப்பிடிப்பு முடிந்த இரவில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தூங்கினவனுக்கும் தூங்காதவனுக்கும் உள்ள வேறுபாடாகும்.

முற்காலத்துக் கேபிள்களில் இத்துணை மயக்கம் இல்லை. 2008இல் யூ.எஸ்.பி. 3.0 வந்தபோது, பழைய தட்டை முனையின் உள்ளே நாக்குப்போன்ற பகுதிக்குப் பெரும்பாலும் நீல வண்ணம் இட்டனர். நீலம் கண்டால் விரைவு. கறுப்போ வெள்ளையோ கண்டால் மந்தம். படியாதவனும் அறிந்துகொள்வான். 2014இல் டைப்-சி என்னும் நீள்வட்ட முனை வகுக்கப்பட்டது. எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்தும் அம்முனை பெரிய சௌகரியமே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே 24 தொடுமுனைகள் உள்ளன. அவையனைத்துக்கும் கேபிளில் கம்பி ஓடவேண்டும் என்னும் விதி இல்லை. மின்னேற்றத்திற்கென்று செய்த டைப்-சி கேபிள்கள் பலவற்றில், விரைவான தரவு செல்லும் கம்பிகள் உள்ளேயே இரா, யூ.எஸ்.பி. 2.0க்கு வேண்டிய கம்பிகளே இருக்கும். அது போலிச் சரக்கன்று, விதிப்படி செய்ததே. அதுதான் வேதனை! 480 மெகாபிட் கேபிளும், 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் கேபிளும் ஒரே முகத்தோடு ஒரே மேசை இழுப்பறையில் சுருண்டு கிடக்கின்றன. ஒன்றன் வேகம் மற்றொன்றன் வேகத்தில் எண்பதில் ஒரு பங்குமில்லை.

முகம் ஒன்றாயினும் பெயராவது வேறுபடுத்திக் காட்டுமோ எனின், அதுவும் இல்லை. 5 ஜிகாபிட் வேகமுடையது 2008இல் யூ.எஸ்.பி. 3.0 எனப்பட்டது. 2013இல் 10 ஜிகாபிட் வந்தபோது, பழையதற்கு யூ.எஸ்.பி. 3.1 ஜென் 1 என்றும், புதியதற்கு 3.1 ஜென் 2 என்றும் பெயரிட்டனர். 2017இல் 20 ஜிகாபிட் வகுத்த பின்னர், மூன்றும் 3.2 என்னும் ஒரே குடும்பப் பெயருக்குள் அடைபட்டன. ஆகவே ஒரு பெட்டியின்மேல் யூ.எஸ்.பி. 3.2 என்று மாத்திரம் அச்சிட்டிருந்தால், உள்ளிருப்பது 5ஆ, 10ஆ, 20ஆ என்பது வாங்குவோனுக்கு விளங்காது. குழந்தைக்குப் பெயர் வைப்பவர்கூட மூன்று முறை மாற்றுவதில்லை. இதன் விளைவாக மற்றொரு நஷ்டமும் உண்டு. 20 ஜிகாபிட் வெளிவட்டை அதிக விலைக்கு வாங்கி, 2020இல் வெளிவந்த ஆப்பிள் எம்1 மடிக்கணினியில் இணைப்பவர்க்கு 10 ஜிகாபிட்டே கிட்டும். அக்கணினிக்கு அந்த 20 ஜிகாபிட் முறை தெரியாது. தண்டர்போல்ட் வழியாக 40 ஜிகாபிட் தரும் அதே போர்ட்தான், இவ்வட்டினிடம் பத்தோடு நின்றுவிடுகிறது.

விற்போர் இதில் எவ்வளவு கவனமின்றி இருக்கின்றனர் என்பதற்கு ஒன்று காட்டுவல். 2023இல் வந்த ஐபோன் 15 ப்ரோ, டைப்-சி வழியே வெளிவட்டிலேயே நேராகப் படம் பிடிக்கவல்லது. விநாடிக்கு 60 சட்டம் ஓடும் 4கே ப்ரோரெஸ் படத்தை வெளிவட்டு இணைத்தாலன்றி அது பதிவு செய்யாது. அதன் போர்ட் 10 ஜிகாபிட். எனினும் பெட்டியில் உடன்வைத்த கேபிளோ யூ.எஸ்.பி. 2.0 வேகத்தது! போர்ட்டின் முழு வேகம் வேண்டுவோர் வேறு கேபிளைத் தனியே வாங்கல் வேண்டும். அத்தொழிலில் முதன்மையான நிறுவனமே இங்ஙனமாயின், கடைத்தெருவில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கேபிள்களைப் பற்றி என் சொல்வது?

கேபிளே எல்லாக் குற்றத்துக்கும் பொறுப்பு என்று கூறுவதும் நியாயமன்று. சுழல்வட்டு வகையான வெளிவட்டுகள் பல கணினியிலிருந்தே மின்சாரம் பெறுவன. ஹப் ஒன்றில் சுட்டியும் விசைப்பலகையும் இரண்டு வட்டுகளும் ஒருங்கே தொங்கினால், மின்சாரம் போதாமல் வட்டு இடையிடையே துண்டிக்கப்படும். யூ.எஸ்.பி. 3.0 கேபிளும் வட்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே ஆராய்ந்து வெளியிட்டது. வட்டை இணைத்தவுடன் கம்பியில்லாச் சுட்டி தடுமாறுவதற்கு அது காரணமாதல் கூடும். மற்றும், விண்டோஸ், மாக் இரண்டிலும் எழுதப் படிக்க இயலும் என்று பலர் வட்டை எக்ஸ்ஃபாட் முறையில் அமைக்கின்றனர். எழுதும் செயலை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு அம்முறையில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கையில் கேபிள் அசைந்து இணைப்பு அறுந்தால், கோப்புகள் சிதைய இடமுண்டு. ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கும் பழக்கத்துக்கு மன்னிப்பில்லை. ஒரே வட்டில் மாத்திரம் காட்சிகளை வைத்திருப்பவரைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

ஆயினும் இவையெல்லாம் ஆராய்ந்தால் புலப்படுவன. கேபிளின் உள்ளீடு ஆராய்ந்தாலும் கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஆதலின் செய்தவனே சொல்ல வேண்டும்.

இதற்கு மறுப்பாகச் சிலர், ‘ப்ராக்ஸி என்னும் சிறு பிரதிகளை ஆக்கி அவற்றைக்கொண்டு தொகுத்தால் வேகம் எதற்கு?’ என்பர். அஃது நல்ல வழியே. மெலிந்த கணினி உடைய மாணவர்க்கு நானும் அதனையே கூறுவேன். ஆனால் அப்பிரதிகளை ஆக்குதற்கு மூலக் காட்சிகளை ஒருமுறை முழுவதும் படித்தாக வேண்டும். இறுதிப் படத்தை வெளியிடும்போது மீண்டும் மூலத்துக்கே செல்லல் வேண்டும். இரண்டு பயணமும் அதே கேபிள் வழியேதான். வேறு சிலர், கேபிளின் சிறு முனையில் எழுத இடமில்லை என்பர். யூ.எஸ்.பி. தரங்களை வகுக்கும் அமைப்பு, 2022இல் பழைய பெயர்களைக் கைவிட்டு, 5, 10, 20, 40 என்று ஜிகாபிட் எண்ணையே பெட்டியிலும் கேபிளிலும் பொறிக்குமாறு கூறிவிட்டது. சான்று பெற்ற கேபிள்களில் அவ்வெண் முனையிலேயே பொறிக்கப்படுகின்றது. இடம் இருக்கிறது, கட்டாயம்தான் இல்லை. சான்று பெறாமலே விற்போரை அக்கூற்று தீண்டுவதேயில்லை.

சட்டத்தால் ஆகக்கூடியது இது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சான்று. 2022இல் அது இயற்றிய பொது மின்னேற்றச் சட்டம், கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி போர்ட்டைக் கட்டாயமாக்கியது. கருவிக்கு எத்தனை வாட் மின்சாரம் வேண்டும் என்பதைப் பெட்டியின்மேல் குறிக்கவும் ஆணையிட்டது. வாட்டை எழுதென்று சொன்னவர்கள், ஜிகாபிட்டையும் எழுதென்று சொல்லியிருக்கலாகாதா? மின்னேற்றம் தாமதித்தால் ஒரு மணி நேரம் வீண். தரவு தாமதித்தால் ஒருவனுடைய தொழிலே வீண்.

சட்டம் வரும்வரை காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர்கள் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. பிளாக்மேஜிக் நிறுவனம் இலவசமாக வழங்கும் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட் என்னும் மென்பொருளால் வட்டின் வேகத்தை அளந்து பார்க்கலாம். வேகம் தெரிந்த எஸ்.எஸ்.டி. வெளிவட்டு ஒன்றை ஒரே போர்ட்டில் வைத்துக்கொண்டு, தொகுப்பு அறையிலுள்ள கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அளந்து, கிடைத்த எண்ணை வெள்ளை நாடாவில் எழுதி ஒவ்வொன்றிலும் சுற்றிவிட்டால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடியும். அவற்றுள் 40 மெகாபைட்டைத் தாண்டாதவற்றைத் தனியே கட்டி, கைபேசிகளுக்கு மின்னேற்றும் மேசைக்கு அனுப்பிவிடலாம்.