நாற்பது கழிந்துவிட்டால் காயம் ஆறிவிட்டதா?

"சுகப்பிரசவம்" என்ற செய்தி வந்ததும் அல்லாஹ்வைப் புகழ்கிறோம். குழந்தையின் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு விசாரிக்கத் தொடங்குகிறோம். வயிற்றில் கத்தி படவில்லை என்பதால் தாய்க்குக் காயமே இல்லை என்று முடிவுகட்டி விடுகிறோம். ஆனால் அந்தச் சுகமான பிரசவத்திலேயே ஆழக் கிழிந்து, தையலோடு வீடு திரும்பும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள பகுதி பிரசவத்தின்போது கிழிவது மிகச் சாதாரணம். தோலும் அதன் கீழுள்ள தசையும் மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். கிழிசல் ஆசனவாயை இறுக்கி மூடும் வளையத்தசை வரை சென்றால் அது மூன்றாம் நிலை. மலக்குடலின் உட்சவ்வையும் தொட்டால் நான்காம் நிலை. முதல் பிரசவம், குழந்தையின் எடை மிகுதி, 'ஆயுதம்' போட்டு எடுத்தல் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. முதன்முறை பிறப்புவழியில் பெற்றெடுக்கும் பெண்களில் 100க்கு 6 பேர் அளவுக்கு இத்தகைய கடுங்கிழிசல் ஏற்படுவதாகப் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி கூறுகிறது. முறையாகத் தைக்கப்பட்டவர்களில் 100க்கு 60 முதல் 80 பேர் வரை ஓராண்டுக்குள் தொல்லையேதும் இன்றி இருக்கிறார்கள் என்பதும் அதன் கணக்கே. ஆகவே இது நம்பிக்கை இழக்க வேண்டிய நோயன்று. ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடத்தக்கதும் அன்று.

நம் சமுதாயத்தில் இதற்குத் தடையாக நிற்பது 'நாற்பது' பற்றிய தவறான புரிதல். நாற்பது கழிந்து குளித்துவிட்டால் பெண் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாள் என்று கொள்கிறோம். அடுப்படியும், வீட்டுவேலையும், இல்லறமும் அன்றே அவள்மீது வந்து விழுகின்றன. நிஃபாஸின் கால அளவு இரத்தப்போக்கைப் பற்றிய சட்டம். ஹனஃபி மத்ஹபில் அதன் உச்ச வரம்பு 40 நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாட்கள். இருபதாம் நாளே இரத்தம் நின்றுவிட்டால் அப்போதே குளித்துத் தொழ வேண்டும் என்பதிலிருந்தே இது காயத்தை அளக்கும் கோல் அன்று என்பது விளங்கும். மேல்தோல் கூடிய பின்னும் உள்தசை வலுப்பெற மாதங்கள் ஆகலாம்.

இதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. வளையத்தசை வலுவிழந்த பெண்ணுக்குக் காற்றை அடக்க முடியாமல் போகலாம். சிலருக்கு மலமும் கசியலாம். உளூச் செய்வதும் அது முறிவதுமாக அலைக்கழிந்து, தொழுகைப் பாயில் நிற்கவே கூசும் நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். தான் அசுத்தமானவள் என்று தனக்குள்ளேயே குமைகிறாள். மார்க்கம் அவளைக் கைவிடவில்லை. தொடர் உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தொழுகையை விடாமல் தொடரும் வழியைக் காட்டினார்கள். அதன் அடிப்படையில், நிற்காத தொல்லை உடையவர் தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழலாம் என்று ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. மத்ஹபுகளிடையே நுணுக்க வேறுபாடுகள் இருப்பதால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். மூலநோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழ நபிகளார் அனுமதி தந்த செய்தி புகாரியில் உள்ளது. தையல் வலியோடு இருப்பவளுக்கும் அச்சலுகை உண்டு.

"இதைப் போய் எப்படிச் சொல்வது?" என்று வெட்கம் தடுக்கிறது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். எனினும் மார்க்கத்தை அறிந்துகொள்வதில் வெட்கம் தங்களைத் தடுக்க விடாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். தொழுகைக்காகக் கேட்பதற்கே வெட்கம் தடையில்லை எனும்போது, மருத்துவரிடம் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியவர்களும் நபிகளாரே.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பேறுகால வேதனையில் பேரீச்சை மரத்தடியில் சாய்ந்த மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் நீரோடையையும் கனியையும் அளித்தான். நாமோ பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, கீரையையும் பழத்தையும் விலக்குகிறோம். அதனால் மலம் இறுகுகிறது. முக்குவதில் தையல் விரிகிறது. அவளுக்குத் தாராளமாக நீரும் நார்ச்சத்துள்ள உணவும் கொடுங்கள். மருத்துவர் தந்த மலமிளக்கியை நிறுத்தாதீர்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவி, தூய துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். எண்ணெயோ கைமருந்தோ காயத்தில் தடவ வேண்டாம். பாரம் தூக்கும் வேலைகளை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சொல்லும் முறைப்படி நாள்தோறும் தொடர வேண்டும்.

காய்ச்சல், துர்நாற்றம், தையல் விரிதல், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தாலும் அவ்வாறே. மாதங்கள் கடந்தும் கசிவு நிற்காதவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது. அடுத்த கருவின்போது முந்தைய கிழிசலை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே தெரிவிப்பது அவசியம். எவ்வழிப் பிரசவம் ஏற்றது என்பதை அதைக் கொண்டே முடிவு செய்வார்கள்.

கணவன்மார்களிடம் ஒரு சொல். நாற்பதுக்குப் பின் இல்லறம் அனுமதிக்கப்பட்டது என்பதற்கு, வலியோடு இருப்பவளை வற்புறுத்தலாம் என்பது பொருளன்று. தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. அவள் வாய்திறந்து சொல்லும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். மாமியார்களும் உம்மாமார்களும், "நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, தாங்கள் அன்று மறைத்து வைத்த வலியை இன்று எடுத்துச் சொன்னால், பல பெண்களின் துயரம் குறையும்.

தாய் பட்ட சிரமத்தை அல்லாஹ் தன் வேதத்திலேயே நினைவூட்டுகிறான். அவளுடைய காயம் ஆறும்வரை பொறுத்திருப்பதும், அது ஆறுவதற்கு உதவுவதும் நம் கடமை. வலியை மறைத்து வாழும் நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.