தாழ்ப்பாள் இல்லை என்று எழுதியது குற்றமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டிய சார்ட்டை அகற்றிய செய்தியைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். அதை எழுதியவர்களில் என் மகளும் ஒருத்தி. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், பையைக்கூட இறக்காமல், "அம்மா, நாங்க பொய் எதுவும் எழுதலையே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆற்றாமைதான் இந்தக் கடிதம்.

பள்ளியை ஆரோக்கியமானதாக மாற்ற என்ன செய்யலாம் என்று அறிவியல் ஆசிரியை வகுப்பில் பேச வைத்திருக்கிறார். இரண்டு பீரியட் பேசிவிட்டு, நோட்டும் பென்சிலுமாகப் பள்ளியைச் சுற்றி வந்து பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள். மாணவிகள் 240 பேர். கழிப்பறை ஆறு. ஒன்றில் தண்ணீர் வராது, ஒன்று எப்போதும் பூட்டிக் கிடக்கும், இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த இரண்டையும் சேர்த்து ஒன்று என்று கணக்கிட்டு, மொத்தம் மூன்று என்று சார்ட்டில் எழுதியிருந்தார்கள். இன்டர்வெல் பத்து நிமிடம். ஆளுக்கு ஏழரை விநாடி என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் இருந்தது. நானும் வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரி.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்தின் அளவுகோல். அதன்படி ஆறு போதும், பதிவேட்டிலும் ஆறு இருக்கிறது. எந்தக் கதவைச் சாத்த முடியாது என்பது உள்ளே போகும் பிள்ளைக்குத்தான் தெரியும்.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அந்தச் சார்ட்டின் முன் நின்று, "இதை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டாராம். "பள்ளியின் மானத்தை வாங்கவா?" என்றாராம். அரை மணி நேரத்தில் சார்ட் இறங்கிவிட்டது. மறுநாள் ஆசிரியைக்கு விளக்கம் கேட்டு மெமோ. சார்ட் இருந்த இடத்தில் இப்போது கை கழுவுவது பற்றிய அச்சடித்த படம் தொங்குகிறது. குழாயடியில் சோப்பு இல்லை.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வகுப்பு நேரத்தில் மணி அடிக்க வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. எங்கள் பள்ளியிலும் மணி அடிக்கிறது. ஆனால் என் மகள் காலையில் கொண்டு போகும் பாட்டில், மாலையில் முக்கால்வாசி நிறைந்தே திரும்பி வருகிறது. குடித்தால் போக வேண்டுமே என்ற பயம். இந்த ஆண்டு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாயா என்று டாக்டர் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த நிலைமை எத்தனை வீட்டில் இருக்கிறதோ! அதைத்தான் அந்தச் சார்ட் ஒரே வரியில் சொன்னது: "தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் குடிப்போம்."

அந்த வயதில் அவர்களுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். அக்டோபர் 15 அன்று கை கழுவும் நாள் என்று வெயிலில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கும்போது அந்த வயது போதுமானதாக இருக்கிறதே. பாடம் முடியவில்லை என்கிறார்கள். எண்ணுவதும் வகுப்பதும் எழுதுவதும் பாடம் இல்லையா? குறை இருந்தால் 'மாணவர் மனசு' பெட்டியில் போடலாமே என்கிறார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருக்கிறது. அங்கே போய் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

பிள்ளைகளின் விவேகத்துக்குச் சான்றாக இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. வாசலிலிருந்து முப்பதாவது அடியில் ஒரு பாட்டியின் கடை. கடையை எடுக்கச் சொல்லி அவர்கள் எழுதவில்லை. பாக்கெட்டுகளுக்குப் பதிலாக அவித்த கடலையும் கொய்யாவும் விற்கச் சொல்லிப் பாட்டியிடம் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். எந்த அதிகாரிக்கு இது தோன்றியது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். 24 பேர் இருக்கிறோம். சுற்றுச்சுவர் பேசினோம், பெயிண்ட் பேசினோம், ஆண்டு விழா பேசினோம். தாழ்ப்பாள் ஒரு கூட்டத்திலும் வரவில்லை. எங்களில் யாரும் அந்தக் கழிப்பறைக்குப் போகிறவர்கள் இல்லை. அதற்காக வெட்கப்படுகிறேன். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்ற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டது. அந்த உரிமையைப் பயன்படுத்திய பிள்ளைகளின் கண்ணெதிரே ஆசிரியைக்கு மெமோ கொடுத்தால், அடுத்த முறை அவர்கள் வாய் திறப்பார்களா? பெயர் சொல்லவும் அஞ்சும் வேறு ஏதாவது ஒரு கொடுமை நடந்தால், யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே அந்தப் பட்டியலைப் படிக்கச் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் இரண்டையும் சனிக்கிழமை நாங்கள் நான்கு தாய்மார்கள் சேர்ந்து வாங்கி மாட்டிவிட்டோம். சார்ட்டைப் பள்ளிதான் திரும்ப ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
திருவாரூர் மாவட்டம்.