எண்ணெய் போடாத சக்கரம்

நான் ஒன்பது வயதில் பார்த்த ஒரு திரைப்படம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தாய்மாமன் கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளுள் அதுவும் ஒன்று. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வாடகைக்கு எடுத்துவந்த டெக்கில், தெருப் பிள்ளைகள் எல்லோரும் பாயில் அமர்ந்து அதைப் பார்த்தோம். படத்தின் பெயர் ‘ரிட்டர்ன் டு ஓஸ்’. டிஸ்னி நிறுவனம் 1985இல் வெளியிட்ட படம் அது. அந்தப் பெயரை நம்பி, ‘குழந்தைகள் படந்தானே’ என்று பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டனர். பாதிப் படம் ஓடுவதற்குள் பிள்ளைகளில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டனர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூறாவளியில் சிக்கி ஓஸ் என்னும் மாய நாட்டுக்குச் சென்று திரும்பிய டாரதி என்னும் சிறுமிக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. தான் கண்ட நாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவளது நலம் நாடும் அத்தை, ஊருக்கு வெளியேயுள்ள ஒரு மருத்துவரிடம் அவளை அழைத்துச் செல்கிறாள். அம்மருத்துவரிடம் மின்சாரத்தால் நோய் தீர்க்கும் புதிய எந்திரம் ஒன்று இருக்கிறது. சிறுமியை அங்கேயே விட்டுவிட்டு அத்தை வீடு திரும்புகிறாள். இரவில், இடியும் மின்னலுமாக இருக்கையில், டாரதியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வாரால் கட்டி, எந்திரத்தை நோக்கித் தள்ளிச் செல்கின்றனர். வண்டிச் சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன. நல்வாய்ப்பாக மின்சாரம் நின்றுபோகிறது. அவள் தப்பி ஓடுகிறாள்.

பின்னர் அவள் சென்றடையும் ஓஸ் நாடு பாழடைந்து கிடக்கிறது. மக்கள் கற்சிலைகளாக நிற்கின்றனர். கைகளிலும் கால்களிலும் சக்கரம் பூட்டிய விநோத மனிதர்கள் அவளைத் துரத்துகின்றனர். தலைகளைக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் ஓர் அரசி அவளைச் சிறைப்பிடிக்கிறாள். அந்த அரசியாக நடித்தவரே முன்பு செவிலியாகவும் நடித்திருந்தார். பாறையாலான அரக்க அரசனாக நடித்தவரே அந்த மருத்துவர். சக்கர மனிதர்கள் வரும்போது எழும் கிறீச்சொலி, மருத்துவமனை வண்டியின் அதே ஒலி. படத்தை இயக்கிய வால்டர் மர்ச் அடிப்படையில் ஒரு ஒலிக்கலைஞர். ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தின் ஒலியமைப்புக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். அவர் இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம் இது. வணிக நோக்கில் தோல்வியுற்றது. ஆங்கில உரையாடலில் பாதிகூட விளங்காத எனக்கு, அந்த ஒலி மட்டும் மிக நன்றாக விளங்கியது.

அடுத்த கோடை விடுமுறையில் எனக்கு டான்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ‘தொண்டையை போட்டோ எடுப்பார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்’ என்றார் அப்பா. நான் அழக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது என்பதை இப்போது அறிவேன். அப்போது அறிந்ததெல்லாம், என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள், அப்பா கதவுக்கு வெளியே நின்றுவிட்டார், நீண்ட தாழ்வாரத்தில் வண்டி நகரத் தொடங்கியதும் சக்கரம் கிறீச்சிட்டது என்பதுதான். என் உடல் விறைத்துவிட்டது. எனக்கு முன்னே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான்தான் படம் பார்த்திருக்கிறேனே!

வண்டியைத் தள்ளிவந்த வயதான செவிலியர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். குனிந்து, “என்ன தம்பி?” என்றார். நான் சக்கரத்தைச் சுட்டிக்காட்டினேன். “அதுவா? எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு, அதான் கத்துது. நாலு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க” என்றார். பிறகு, “உள்ளே போனதும் மூக்குமேல ஒரு மூடி வைப்பாங்க. வாடை நல்லா இருக்காது. நீ தூங்கிடுவே. முழிக்கும்போது தொண்டை வலிக்கும். நான் பக்கத்துல இருப்பேன்” என்றார். அவர் சொன்னவற்றில் ஒன்றுகூட இனிப்பான செய்தி இல்லை. ஆயினும் என் கை, கால்கள் தளர்ந்தன. விழித்தபோது தொண்டை வலித்தது. அவரும் பக்கத்தில் இருந்தார்.

இன்று நான் மயக்கவியல் மருத்துவன். அறுவை அரங்கின் வாயிலில் பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் கைகள் பெரும்பாலும் என்னுடையவையே. இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் அடைந்த கருத்து ஒன்றுண்டு. குழந்தையைக் கலங்கவைக்கும் கதைகளைக் குறித்து நாம் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோம். நாம் சொல்லும் சிறு பொய்களைக் குறித்துப் போதிய அளவு கவலைப்படுவதில்லை.

இந்த இதழைப் படிக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் அப்படியொரு படம் நினைவிலிருக்கும். என் தந்தையின் தலைமுறைக்கு அது 1951இல் வந்த ‘பாதாள பைரவி’, எஸ். வி. ரங்காராவ் நடித்த நேபாள மந்திரவாதியை எண்ணிப் போர்வைக்குள் ஒடுங்கியவர்கள் பலர். எனக்கு அடுத்த வீட்டு அண்ணனுக்கு அது ‘மை டியர் குட்டிச்சாத்தான்’; 1984இல் வெளிவந்த, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். மந்திரவாதிக்கு அடிமைப்பட்ட ஒரு குட்டிப் பேயும், அதனுடன் நட்புக்கொள்ளும் குழந்தைகளும் அதன் கதை. இப்படங்களால் நாம் யாரும் கெட்டுப்போய்விடவில்லை. அச்சம் வந்தது, அம்மாவின் முந்தானையைப் பற்றிக்கொண்டோம், விடிந்ததும் அதையே விளையாட்டாக நடித்துப் பார்த்தோம். அச்சத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கக் கற்றுத்தந்த பயிற்சி அது.

‘ரிட்டர்ன் டு ஓஸ்’ என்னை அச்சுறுத்தியதற்குக் காரணம், அது குழந்தையின் ஓர் உண்மையைச் சொன்னது என்பதே. பெரியவர்கள் தலைக்கு மேலாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். அன்புடைய அத்தையே விட்டுவிட்டுப் போகிறாள். புன்னகைக்கும் முகங்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் இதை உணர்கிறது. அதைப் படம் உருவாக்கவில்லை. பெயர் தெரியாதிருந்த கலக்கத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது, அவ்வளவே.

இவ்வாறு சொல்வதால், திரைப்படங்கள் தீங்கே செய்வதில்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். அந்த மின்சார எந்திரத்தின் நிழல் இன்றும் நம் வெளிநோயாளர் பிரிவில் விழுகிறது. கடும் மனச்சோர்வுக்கு மின்னதிர்வு சிகிச்சை பரிந்துரைக்கப்படும்போது, குடும்பத்தார் பலர் ‘ஷாக்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிடுகின்றனர். அவர்கள் மனத்தில் ஓடுவது ஏதோ ஒரு திரைப்படக் காட்சி. 1938இல் ரோம் நகரில் தொடங்கிய அந்தச் சிகிச்சை, இன்று குறுகிய நேர மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்யப்படுகிறது. அவையின்றிச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சிறார்க்குச் செய்ய வேண்டுமாயின் பாதுகாவலரின் ஒப்புதலோடு, உரிய வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும் என்கிறது. அந்த மயக்க மருந்தைக் கொடுப்பவர்களுள் நானும் ஒருவன். ஆகவே, படம் தரும் உணர்வு உண்மையாக இருக்கலாம். படம் தரும் தகவலைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

படமே நோயாளிகளுக்கு நன்மை செய்த வரலாறும் உண்டு. 1950களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில், சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் உடனிருந்து பார்த்துக்கொள்ள அனுமதி இல்லை. குழந்தைகள் சில நாளில் அமைதியாகிவிடுகின்றனர் என்பது அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், சிறிய அறுவைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டு வயது ஐந்து மாதச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். அதில் பேய் இல்லை, அரக்கன் இல்லை. அம்மாவைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு அமைதியாகிவிடும் குழந்தை மட்டுமே இருக்கிறது. அந்த அமைதிதான் பார்ப்பவரை உலுக்கியது. மருத்துவர்கள் பலர் முதலில் சினந்தனர். 1959இல் வெளியான பிளாட் அறிக்கையோ, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் குழந்தையின் கட்டிலருகே நீங்கள் இரவில் படுத்திருக்க முடிவதற்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அறுவைக்கு முந்தைய நாள் பார்க்கச் சென்றேன். என்னைக் கண்டதும், “நான் திரும்பி எழுந்திருப்பேனா?” என்று கேட்டாள். பாட்டி பதறி அவள் வாயைப் பொத்தி, “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றார். பாட்டியின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவள் ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டாள். நான் அவளருகே அமர்ந்து சொன்னேன்: “எழுந்திருப்பாய். இது இரவுத் தூக்கம் போன்றதன்று. மருந்தால் வரும் தூக்கம். மருந்தை நிறுத்தினால் விழிப்பு வரும். நீ தூங்கும் நேரம் முழுவதும் உன் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. வேறு வேலைக்கு நான் போகமாட்டேன்.” சற்று யோசித்துவிட்டு, “டீ குடிக்கக்கூடவா?” என்றாள். “டீ குடிக்கக்கூட” என்றேன். மறுநாள் அரங்கத்துக்குள் வந்ததும் அவள் முதலில் தேடியது என் கையில் டீக் கோப்பை இருக்கிறதா என்பதைத்தான்.

எனவே பெற்றோரிடமும் உடனிருப்போரிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் ‘டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டாதீர்கள். நாளை அந்த ஊசியைத்தான் நாங்கள் அன்போடு போட வேண்டியிருக்கும். மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகள், தாம் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்ததென எண்ணக்கூடும். ‘இது உன் தவறால் வந்ததன்று’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

‘வலிக்கவே வலிக்காது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘கொஞ்சம் வலிக்கும், வலிக்கு மருந்து இருக்கிறது’ என்பதே நிலைக்கும் சொல். மிகச் சிறிய குழந்தைக்கு ஒரு நாள் முன்பும், பள்ளிக் குழந்தைக்குச் சில நாள் முன்பும் சொன்னால் போதுமானது. விடை தெரியாத கேள்வி வந்தால், ‘எனக்குத் தெரியவில்லை, டாக்டரைக் கேட்போம்’ என்று சொல்லுங்கள். குழந்தையின் முன்னிலையிலேயே எங்களைக் கேளுங்கள்.

அறுவைக்கு முன் உணவு ஏன் கூடாது என்பதையும் விளக்குங்கள்: மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடும். காரணம் தெரிந்த குழந்தை, இரக்கப்பட்டு ஒளித்துத் தரப்படும் பிஸ்கட்டைத் தானே மறுத்துவிடும்.

வீடு திரும்பிய பின் சில நாட்கள் கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், உங்களை விட்டு நகர மறுத்தல் ஆகியவை தோன்றலாம். கடிந்துகொள்ளாதீர்கள், பெரும்பாலும் தாமே மறையும். வாரக்கணக்கில் நீடித்தால் எங்களிடம் வாருங்கள்.

அச்சமூட்டும் படங்களைப் பற்றிக் கேட்பீர்களாயின், அறுவைக்கு முந்தைய இரவில் அவை வேண்டாம். மற்ற நாட்களில், குழந்தை விரும்பிக் கேட்டால் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாயில் அதன் பக்கத்தில் நீங்களும் அமர்ந்திருங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று குறைவாக இருந்தது அது ஒன்றுதான்.

என் தந்தை முதுமையில் கண்புரை அறுவைக்கு வந்தபோது, தள்ளுவண்டியின் பக்கத்தில் நான் நடந்துசென்றேன். “போட்டோதானே எடுப்பாங்க?” என்றார் சிரித்துக்கொண்டே. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்பதை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். என் கையைப் பற்றிக்கொண்டார். அன்றும் ஒரு சக்கரம் மெல்லக் கிறீச்சிட்டது. எண்ணெய் போடச் சொல்லிவிட்டுத்தான் அரங்கத்துக்குள் சென்றேன்.