ஒடுங்கிய நிலம், விரிந்த கடல்

கேரளத்தின் பரப்பு சுமார் 38,860 சதுர கிலோமீட்டர். இந்திய நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, மேற்கே அரபிக்கடல்; நடுவில் கிடக்கும் நிலம் எங்குமே 125 கிலோமீட்டருக்கு மேல் அகலமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அதில் 3.34 கோடிப் பேர் வாழ்கிறார்கள். நிலம் குறைவு, மழை மிகுதி, கடல் பக்கம் திறந்த வாசல். அம்மாநிலத்தின் வரலாற்றையும் பிழைப்பையும் வகுத்தவை இந்த மூன்றும்தான்.

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை இந்தியப் பெருநிலத்தில் முதலில் கால் வைப்பது இங்கேதான். கடலிலிருந்து வரும் மேகங்களை மலை தடுத்து நிறுத்துவதால் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம். மலைத்தொடர் விட்டுக்கொடுக்கும் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். கோவைக்குக் குளிர்ந்த காற்றும், இரு பக்கத்துக்கும் வணிகமும் அதன் வழியாகவே வந்து போயின. மாநிலத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே திரும்பிக் காவிரியில் சேர்கின்றன. மிக நீளமான பெரியாறே 244 கிலோமீட்டர்தான். மலையில் பெய்த மழை விரைவிலேயே கடலை எட்டிவிடுகிறது.

கடலை எட்டுமுன் அந்த நீர் தேங்கும் இடங்கள்தான் காயல்கள். அவற்றில் பெரியது வேம்பநாட்டுக் காயல். அதன் தென்கரையில், கடல் மட்டத்துக்கும் கீழே தாழ்ந்த நிலத்தில் நெல் விளைவிக்கிறார்கள் குட்டநாட்டு உழவர்கள். தென்னை மரத்துண்டும் மூங்கிலும் அடித்து, சேறு நிரப்பி வரப்பு எழுப்பிக் காயலைப் பிரித்தெடுத்த வயல்கள் அவை. பல உழவர்களின் வயல்கள் சேர்ந்து ஒரே வரப்புக்குள் அமைந்தால் அது ஒரு பாடசேகரம். மழைக்காலம் முழுக்க அது நீருக்குள் கிடக்கும். ஐப்பசியில் நீரை இறைத்து வெளியேற்றிய பிறகே விதைப்பு. முன்பு ஆட்கள் ஏறி மிதிக்கும் சக்கரங்கள் இறைத்தன. பின்னர் 'பெட்டியும் பறையும்' வந்தது. செங்குத்தாக நிற்கும் மரப் பீப்பாய் பறை. அதன் தலையிலிருந்து வரப்புக்கு அப்பால் நீள்வது பெட்டி. மோட்டார் உள்ளிருக்கும் விசிறியைச் சுழற்ற, வயல் நீர் பறைக்குள் ஏறிப் பெட்டி வழியே காயலில் கொட்டும். ஒருவர் வயலை மட்டும் தனியே வற்றவைக்க முடியாது. பாடசேகரம் முழுவதும் ஒன்றாக இறைக்க வேண்டும், ஒன்றாக விதைக்க வேண்டும். இந்த வேளாண்மை முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

மழையும் மலையும் தந்த இன்னொரு செல்வம் மிளகு. சங்க காலத்தில் இப்பகுதி சேர நாடு. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறித் துறைமுகத்தை அகநானூறு அறியும். முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன சரக்கு பற்றிய கிரேக்கக் கடன் ஒப்பந்தம், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. அராபியர், யூதர், சிரியக் கிறிஸ்தவர், சீனர் என வணிகர்கள் வந்தபடியே இருந்தார்கள். 1498இல் கோழிக்கோட்டுக்கு வாஸ்கோ ட காமா வந்ததும் அதே மிளகைத் தேடித்தான். போர்த்துகீசியர் மிளகுக் கொடிகளையே கொண்டுபோகிறார்கள் என்று முறையிட்டபோது, திருவாதிரை ஞாற்றுவேலையின் மழையை அவர்களால் கொண்டுபோக முடியாதே என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி பதில் சொன்னதாக மலபாரில் ஒரு கதை வழங்குகிறது. பூக்கும் பருவத்தில் பெய்யும் அந்த மழைதான் மிளகைக் காய்க்கச் செய்கிறது. 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா அவர்களை முறியடித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் மலபார் ஆங்கிலேயர் கைக்குப் போனது. திருவிதாங்கூரும் கொச்சியும் சமஸ்தானங்களாக நீடித்தன.

வெளியாருக்குக் கதவு திறந்த இதே மண்ணில், உள்ளூர் மக்களுக்குத் தெருக்களே மூடிக் கிடந்தன. தீண்டாமை மட்டுமன்றி, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கும் நடைமுறையில் இருந்தது. 1888இல் அருவிப்புறத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவியது இந்த அமைப்பின் அடித்தளத்தில் விழுந்த அடி. விலக்கப்பட்ட சாலையில் வில்வண்டி ஓட்டிய அய்யங்காளி, புலையர் குழந்தைகளின் பள்ளி உரிமைக்காக வேளாண் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் ஈ.வெ.ரா. பெரியார் பங்கேற்றுச் சிறை சென்றார். 1936இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. இன்று கேரளத்தின் பெருமையாகப் பேசப்படும் கல்வியும் சுகாதாரமும் இந்தப் போராட்டங்களின் விளைச்சல்.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி, மலபார், காசர்கோடு பகுதிகள் இணைந்து கேரளம் பிறந்தது. குமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அடுத்த ஆண்டு தேர்தலில் வென்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு முதல்வரானார். நீண்ட இழுபறிக்குப் பின் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், குத்தகையை ஒழித்துக் குத்தகைதாரர்களுக்கு நிலத்தைத் தந்தது. 1991இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிப்பு வந்தது. 2011இல் எழுத்தறிவு 94 சதவீதம். ஆயிரம் ஆண்களுக்கு 1,084 பெண்கள்.

கலைகளும் இந்தச் சமூக வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. கோயில் கூத்தம்பலங்களில் வளர்ந்த கூடியாட்டம் இன்றும் மேடையேறும் பழமையான சமஸ்கிருத நாடக மரபு. அழிவை நோக்கிப் போன கதகளிக்கு 1930இல் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலம் உயிர் கொடுத்தது. வடக்கே கண்ணூர், காசர்கோட்டில் தெய்யம். வண்ணான், மலையன் போன்ற சமூகத்தவர் முகத்தில் வண்ணம் தீட்டி, உயர்ந்த முடியைத் தலையில் ஏற்றிக் கண்ணாடியில் தம்மைப் பார்க்கும் கணத்தில் தெய்வமாகிறார்கள். அதன் பிறகு ஊர்ப் பெரியவர்களும் அவர்கள் முன் கைகூப்பி நின்று அருள்வாக்குக் கேட்பார்கள்.

பொருளாதாரம் தோட்டப் பயிர்களில் வேரூன்றியது. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது. இடுக்கியில் ஏலம், மூணாறில் தேயிலை. அந்தத் தோட்டங்களை உருவாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. ஆலப்புழையின் கயிறும் கொல்லத்தின் முந்திரியும் பல தலைமுறைப் பெண்களுக்குக் கூலி தந்தன. பணப்பயிரும் வீட்டுமனையும் பெருகப் பெருக நெல் சுருங்கியது. 1970களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த நெல்வயல் இன்று சுமார் இரண்டு லட்சம். சோற்றுக்கு ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும் நம்பியிருக்கிறது கேரளம்.

படித்தவர்கள் மிகுந்து வேலை குறைந்த இடத்தில், 1970களின் எண்ணெய் வளம் வளைகுடாவுக்கு வழி திறந்தது. அங்கிருந்து வரும் பணம் வீடு கட்டியது, கடை வைத்தது, தங்கையைப் படிக்கவைத்தது. ஆனால் அது தொழிற்சாலைகளாக அதிகம் மாறவில்லை. இளைஞர்கள் வெளியேற, கட்டுமானத்துக்கும் வயலுக்கும் வங்காளம், அசாம், ஒடிசா, பீகாரிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். முதியோர் விகிதம் நாட்டிலேயே அதிகம் கொண்ட மாநிலமாகவும் கேரளம் மாறியிருக்கிறது.

வளம் தந்த மலையும் மழையும் இப்போது எச்சரிக்கின்றன. 2018 பெருவெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை நிலச்சரிவு அடித்துச் சென்றது. சரிவுகளைக் குடைவதற்கும் சதுப்பை நிரப்புவதற்கும் எல்லை வேண்டும் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011இலேயே அறிக்கை தந்திருந்தது. சாதியின் சுவரையும் நிலவுடைமையின் பிடியையும் அரசியலால் உடைத்துக் காட்டிய சமூகம் இது. மலையையும் காயலையும் காப்பதற்கும் அதே உறுதியோடு அது திரண்டாக வேண்டும். ஒதுங்கிப் போய்க் குடியேற அங்கே வேறு நிலம் இல்லை.