பவளத்தீவுப் பயணம்: காணுமுன் கற்க வேண்டியவை

கல்விச் சுற்றுலா என்றால் மலைவாழிடங்களையே எண்ணிய நிலை மாறி, இன்று நம் மாணவர் இலட்சத்தீவை நாடுகின்றனர். 2024 சனவரியில் இந்தியப் பிரதமர் அங்கு மூச்சுக்குழல் பூட்டிக் கடலடியைக் கண்ட படங்கள் வெளிவந்தபின் இவ்வார்வம் பெருகியது. முத்துக்குளித்தோர் மரபில் வந்த நாம் கடலைக் காண விழைவது இயல்பே. எனினும், செலவுக் கணக்கைப் போடுமுன் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.

இலக்கியம் பயில்வோர்க்குப் பவளம் என்றதும் செவ்வாய் நினைவுக்கு வரும். அணிகலனாகும் செம்பவளம் வேறு. தீவைச் சூழ்ந்த பவளப்பாறை வேறு. பின்னது சிற்றுயிரினங்கள் கூடிச் சுண்ணாம்பால் கட்டிய மனை. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல்நீர் அளவுமீறிச் சூடேறினால் பாசிகள் நீங்கிப் பவளம் வெளுக்கிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவில் நேர்ந்த இவ்வின்னல் 2024-லும் நேர்ந்தது. நோயுற்றாரைக் காணச் செல்வோர் கொள்ளும் பணிவு நமக்கு வேண்டும்.

பயணத்திற்கு நுழைவு அனுமதி தேவை. கொச்சியிலிருந்து கப்பல் உண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தைத் தவிர்த்தல் வேண்டும். இவற்றை எவரும் விசாரித்து அறியலாம். நாம் வற்புறுத்துவது வேறொன்று: மிதக்கக் கற்காதவர் பவளத்தின் மேல் இறங்கலாகாது.

ஆழம் குறைந்த கடல்தானே என்று துணிந்து இறங்குவோர், சற்றே களைத்ததும் காலூன்றுவர். கால் படுமிடம் பவளம். பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. பல்லாண்டு வளர்ச்சி ஒரு மிதியில் நொறுங்கிவிடும். ஆதலின் புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே நீச்சற்குளத்தில் பயிற்சி தொடங்குக. மாணவியர்க்குத் தனி நேரம் ஒதுக்கிப் பெண் பயிற்றுநரை அமர்த்துதல், பெரியோர் மனம் வைத்தால் அரிதன்று. அங்குச் சென்றபின் நீர் உயர்ந்திருக்கும் வேளையில், மிதவைச் சட்டை அணிந்து, மணற்பரப்பிலிருந்து இறங்குக. வெயிலுக்குப் பூச்சு மருந்தினும் முழுக்கைச் சட்டையே நன்று.

நினைவுப் பொருளென ஒரு துண்டுப் பவளத்தையும் எடுத்தல் ஆகாது. 2001 முதல் பவளப்பாறை உயிரினங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சட்டத்தினும் வலிய சான்று நம் மன்னார் வளைகுடாவிலேயே உண்டு. அங்குச் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். அலையைத் தடுக்கும் அரண் தளர்ந்தது. இருபத்தொரு தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கின.

இலட்சத்தீவின் நிலமும் கடல்மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் அறுபத்து நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர். நமக்குக் காட்சியாகும் பவளப்பாறை அவர்களுக்கு மதில். விருந்தினராய்ச் செல்லும் நாம் அம்மதிலில் ஒரு கல்லையும் பெயர்க்காமல் திரும்புவோமாக. அதற்கான பயிற்சியை நம் ஊர் நீச்சற்குளத்திலேயே தொடங்கலாம்.