தோலின் கீழே ஒரு வாயில்

முற்றத்துச் செடி வாடினால் நம் கண்ணிற்படும், நீர் வார்க்கின்றோம். கண்ணிற்படாத பொருளையோ நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். அவ்வாறு மறத்தற்கியலாத ஒரு சிறு பொருளைப் பற்றியே இவ்வாரம் கூற விழைகின்றேன்.

என் தமக்கையார் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். கடுமையான மருந்துகள் கையிலுள்ள சிறு நாளங்களைப் புண்படுத்தும். ஆதலின் வைத்தியர் அவருடைய காறையெலும்பின் கீழே, தோலுக்குள், 'போர்ட்' எனப்படும் சிறு கருவியைப் பதித்தார். ஏறத்தாழ ஒரு நாணயத்தின் அகலமுள்ள அறை அது. டைட்டேனியத்தாலோ உறுதியான பிளாஸ்டிக்காலோ ஆயது. அதன் மேல்மூடி சிலிக்கோன் சவ்வு. அறையிலிருந்து செல்லும் மெல்லிய குழாய் இதயத்தை அடுத்த பெருநாளத்திலே முடிகின்றது. சவ்வைத் துண்டாக்காத தனிவகை ஊசியால் தாதியர் இதனுள் மருந்தைச் செலுத்துவர். 1982 இல் அமெரிக்க அறுவை வைத்தியர் நீடர்ஹூபரும் அவர்தம் குழுவினரும் இம்முறையை மருத்துவ உலகுக்கு விவரித்தனர்.

இனி, இல்லத்தார் செய்யவேண்டுவன யாவை? காயம் ஆறும்வரை அவ்விடம் நனையலாகாது. கிணற்றுநீர்க் குடம் முதலிய பாரங்களைத் தூக்கலாகாது. ஆறியபின், ஊசி ஏற்றப்படாத நாட்களில், வழக்கம்போற் குளிக்கலாம். ஊசி ஏற்றப்பட்டிருக்குங்கால் மேலொட்டிய கட்டு ஈரமாதல் ஆகாது. அதன் ஓரம் கழன்றால் நாமே அழுத்தி ஒட்டாது வைத்தியசாலைக்குச் சொல்லவேண்டும். நோயாளரைத் தொடுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வீட்டார்க்கும் விருந்தினர்க்கும் பொதுவிதி.

சிகிச்சை முடிந்தபின்னரே மறதி தலைகாட்டுகின்றது. "மருந்துதான் முடிந்துவிட்டதே, தம்பி, இனி அங்கே போவானேன்?" என்று அக்கா கேட்டார். பயன்படாதிருக்கும் குழாயிற் குருதி உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அதனாற்றான் மாதம் ஒருமுறையோ, வைத்தியர் குறித்த வேறு இடைவெளியிலோ, பயிற்சி பெற்ற தாதி அதனை உப்புநீர் செலுத்திக் கழுவவேண்டும். அத்திகதிகளை நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறித்துவைத்தோம்.

அவ்வாறு கழுவிவந்த ஒருநாள் மாலை, அக்காவின் உடல் நடுநடுங்கியது, பற்கள் அடித்துக்கொண்டன. காய்ச்சல் ஏறியது. "விடியட்டும், தம்பி, மல்லித்தண்ணீர் குடித்தாற் போதும்" என்றார். நானும் ஒரு கணம் தயங்கினேன். குழாயினுள் கிருமி புகுந்திருப்பின் அது நேரே குருதியிற் கலக்கும் என்று வைத்தியர் முன்னரே எச்சரித்தது நினைவுக்கு வந்தது. அவ்விரவே கூட்டிச் சென்றோம். கருவியிலிருந்தும் கையிலிருந்தும் குருதி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, தாமதியாது கிருமிகொல்லி மருந்து தொடங்கினர். அக்கா பிழைத்தார். விடியும்வரை இருந்திருந்தால் என்னாகியிருக்கும் என எண்ண இன்றும் என் நெஞ்சு நடுங்குகின்றது.

ஆகவே, வெப்பமானி 38 பாகை சென்ரிகிரேட்டை, அதாவது 100.4 பாகை பரனைற்றை, எட்டினாலும், காய்ச்சலின்றியே நடுக்கம் கண்டாலும் பொழுது பாராது புறப்படுக. மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைத்து வீட்டிலிருத்தல் பெருந்தவறு. கருவியிருக்கும் இடம் சிவத்தல், சீழ்வடிதல், கையோ கழுத்தோ முகமோ வீங்குதல், மருந்தேறும்போது எரிதல் ஆகியனவும் உடனே தெரிவிக்கத்தக்கன. திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு நொந்தாலோ கணமுந் தாமதித்தல் ஆகாது. கருவியின் விவரமெழுதிய அட்டை எப்போதும் கைப்பையில் இருத்தல் நன்று.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய நோயாளர் இருக்கலாம். ஊசி ஏற்றுவது உங்கள் வேலையன்று. திகதியை நினைவூட்டலாம், வெப்பமானியைப் பார்த்துச் சொல்லலாம், "விடியட்டும்" என்பாரிடம் "இப்பொழுதே போவோம்" எனலாம். அன்புடையார் செய்யும் வைத்தியம் அதுவே.