துண்டு வெட்டிய பின் யார் பொறுப்பு?

நோயாளி ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புவதைத் "துண்டு வெட்டியாயிற்று" என்று கூறுவது யாழ்ப்பாணத்து வழக்கு. காய்ச்சலுக்கோ கால் முறிவுக்கோ அச்சொல் பொருந்தும். வந்த நோய் தீர்ந்தது; கணக்கும் தீர்ந்தது. ஆனால், நாட்பட்ட சுவாசப்பை நோயினால் வருந்துவோருக்கு அத்துண்டு நோயின் முடிவன்று. அடுத்த முட்டு வரும்வரை கிடைத்த தவணையே. அத்தவணையில் அவரைக் கவனிக்க வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு நமது சுகாதார அமைப்பிலே தெளிவான விடை இல்லை என்பதே நமது முறைப்பாடு.

தொய்வு, முட்டு, இழுப்பு, தீராச் சளி என்று மக்கள் பல பெயரால் வழங்கும் நோய்களுள் நாட்பட்ட சுவாசத் தடை நோய் மிகக் கொடியது. உலகில் 2021ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 35 இலட்சம் மக்களை அது பலி கொண்டது என்றும், மரணத்துக்கான காரணங்களுள் நான்காம் இடத்தில் நின்றது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நோய் நமக்கு அந்நியமானதன்று. புகையிலை நமது செம்மண்ணின் காசுப் பயிர். சுருட்டுக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. அந்தச் சுருட்டின் புகையே ஆடவர் பலரின் மூச்சையும் அரித்தது. சுருட்டைத் தொட்டும் பாராத பெண்களோ, விறகும் மட்டையும் எரித்து அடுப்பூதிய புகையால் அதே நோய்க்கு ஆளாகின்றனர். 2021ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022இலும் சமையல் எரிவாயு தட்டுப்பட்டபோது, எத்தனை அடுக்களைகள் மீண்டும் விறகுக்குத் திரும்பின என்பதை நாம் மறக்கவில்லை.

மூச்சு முட்டி வைத்தியசாலையில் சேர்ந்தவர் தேறி வீடு திரும்பியபின் வரும் சில வாரங்களே அவருக்கு ஆபத்து மிக்கவை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, இந்நோயால் வைத்தியசாலை சென்று திரும்பும் முதியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முப்பது நாளுக்குள் மீண்டும் அனுமதிக்கப்படுகின்றனர். ஆதலினாற்றான், வீடு சென்ற ஒன்று முதல் நான்கு வாரத்துள் நோயாளியை ஒரு முறையும், மூன்று நான்கு மாதத்துள் மறுமுறையும் பார்த்தல் வேண்டும் என்று உலக வல்லுநர்கள் விதித்துள்ளனர்.

இங்கு நடப்பது என்ன? பெரிய வைத்தியசாலையின் கிளினிக்குக்கு ஒரு திகதி குறித்துக் கொடுக்கப்படுகிறது. நெடுந்தீவு முதியவர் படகேறிக் குறிகாட்டுவான் வந்து, அங்கிருந்து பேருந்து ஏறி யாழ்ப்பாணப் பட்டினம் சேர வேண்டும். இருபது அடி நடந்தால் மூச்சு வாங்குபவருக்கு இது இயலுமா? ஒரு தவணை தவறுகிறது; மருந்து முடிகிறது. மருந்து கையிலிருந்தாலும் பயன் உறுதியில்லை. மக்கள் 'பம்ப்' என்று கூறும் மருந்தை, மூச்சை உள்ளிழுக்கும் அதே கணத்தில் அழுத்தி, சிறிது நேரம் மூச்சை அடக்க வேண்டும். முறை தவறினால் மருந்து தொண்டையோடு தங்கிவிடும்; சுவாசப்பையைச் சேராது. இதை ஒருமுறை காட்டிவிட்டால் போதாது. ஒவ்வொரு வருகையிலும் செய்வித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். சன நெருக்கடி மிக்க கிளினிக்கில் அதற்கு நேரம் ஏது?

இக்குறைக்கு வைத்தியர்களையோ தாதியரையோ நாம் நோவதற்கில்லை. கோளாறு அமைப்பில் இருக்கிறது. யாழ். போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ் இயங்குவது. பிரதேச வைத்தியசாலைகளும் கிராமத்து மருத்துவ நிலையங்களும் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் வழியாக மாகாணத்தைச் சேர்ந்தவை. துண்டு வெட்டப்படும் கணத்தில் நோயாளி ஓர் அரசின் கையை விட்டு மற்றோர் அரசின் வாசலுக்கு வருகிறார். அவரை ஒப்படைப்பாரும் இல்லை, ஏற்பாரும் இல்லை. அதிகாரப் பகிர்வு பற்றி மேடைதோறும் முழங்கும் நமது பிரதிநிதிகள், இந்த இடைவெளியில் விழுந்து கிடக்கும் மனிதரையும் சற்று நோக்குவார்களா?

மேலும் ஒன்று. நோயாளியின் கையில் கொடுக்கப்படும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. வைத்தியருக்கு வைத்தியர் எழுதும் பகுதி அவ்வாறு இருக்கட்டும். ஆனால், எந்த மருந்தை எத்தனை வேளை எடுப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடி வருவது என்பன நோயாளிக்குரியவை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியக் கல்வியையே தமிழில் புகட்டினார். மேனாட்டு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அம்மண்ணில் இன்று மருந்துக் குறிப்பைத் தமிழில் எழுத இயலாது என்பது நம்பத்தக்கதா?

'கிராமத்து வைத்தியசாலைகளில் ஆளும் இல்லை, பணமும் இல்லை' என்று கூறுவோர் உளர். 2022இன் நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டு ஏகினர் என்பது மெய்யே. ஆயினும், பிள்ளை பெற்ற தாய் வீடு திரும்பினால் குடும்பநல உத்தியோகத்தர் வாசற்படி ஏறி வந்து பார்க்கும் ஏற்பாடு ஏழ்மை மிக்க காலத்திலேயே இந்நாட்டில் உருவானது. 1930களில் ஓரிலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு, அந்த எண்ணை நாற்பதுக்கும் கீழே கொணர்ந்தது. பெரிய கட்டடங்கள் மாத்திரமா அதைச் சாதித்தன? பெயர் எழுதிய ஒரு கொப்பியும், தேடி வந்த ஒரு பெண்ணும் அதில் பெரும்பங்கு கொண்டனர். பிறக்கும் மூச்சுக்குச் செய்ததை முதிர்ந்த மூச்சுக்குச் செய்யலாகாதா?

நாம் வேண்டுவன நான்கே. ஒன்று, துண்டு வெட்டுமுன் நோயாளியின் பெயர் அவருடைய ஊர்ப் பிரதேச வைத்தியசாலைக்கு அறிவிக்கப்பட்டு, இரண்டு வாரத்துள் ஒரு நாள் குறிக்கப்படல் வேண்டும். இரண்டு, அன்று வராதவரைத் தேடிச் செல்லத் தாதி ஒருவருக்குப் பொறுப்பளிக்கப்படல் வேண்டும். மூன்று, பம்ப் மருந்துகள் அவ்வைத்தியசாலைகளில் இடையறாது கிடைக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் முறையும் மூச்சுப் பயிற்சியும் அங்கேயே கற்பிக்கப்பட வேண்டும். நான்கு, நோயாளிக்குரிய குறிப்பு தமிழில் எழுதப்படல் வேண்டும்.

அரசை மாத்திரம் நோக்கிக் கைநீட்டி நிற்பதும் நமது மரபன்று. மூளாயில் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே எழுப்பிய மக்கள் நாம். தீவுப் பகுதி முதியவரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்ல ஒரு வாகனத்தை ஒழுங்கு செய்வது ஊர்ச் சங்கங்களுக்கு அரிதன்று. வீட்டில் நோயாளி இருக்கச் சுருட்டை அணைப்பதும், அடுக்களைக்குப் புகைபோக்கி வைப்பதும் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாதவை. புகையிலைக்கு ஈடான வருவாயைத் தரும் பயிரைக் காட்டுவது மாத்திரம் அரசின் கடன்; அதைக் காட்டாமல் விவசாயியைக் குறை கூறல் நீதியாகாது.

மார்கழிக் குளிரும் பனியும் ஆண்டுதோறும் தவறாது வருகின்றன. அவற்றோடு முட்டும் வருகிறது. அடுத்த மார்கழிக்கு முன் நோயாளிப் பெயர்ப் பதிவை ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையும் தொடங்கட்டும். தொடங்குமாறு கேட்கும் கடமை நமது பிரதிநிதிகளுடையது. கேட்டார்களா என்று கேட்கும் கடமை நம்முடையது.